மெட்ரோனோம் ஆப்பில் தாளம் அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீரான இடைவெளியில் கிளிக் ஒலி தரும் மெட்ரோனோம் ஆப்பை இறக்கிக்கொண்ட பலரும் அதில் வேகத்தை மட்டும் மாற்றிவிட்டு, மற்ற பொத்தான்களைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். பாடுபவர், வீணை வாசிப்பவர், கிட்டார் பழகுபவர், டிரம்ஸ் பழகுபவர் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கேட்கும் சந்தேகங்களை இங்கே அவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறேன். ஆப்புக்கு ஆப் பொத்தானின் பெயரும் இடமும் மாறும். அதனால் எந்தப் பொத்தான் என்பதைவிட, அது என்ன செய்கிறது என்பதையே சொல்கிறேன்.

60-ன்னு வெச்சா என்ன அர்த்தம்? 120 வெச்சா ரெண்டு மடங்கு வேகமா?

ஆமாம். பிபிஎம் என்பது ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு. 60 என்றால் விநாடிக்கு ஒரு அடி, 120 என்றால் அரை விநாடிக்கு ஒன்று. இரண்டு அடிகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று தெரிய வேண்டுமானால் 60,000-ஐ பிபிஎம்மால் வகுத்தால் மில்லி விநாடியில் விடை வரும். 80-க்கு 750, 100-க்கு 600. இந்தக் கணக்கு பின்னால் ப்ளூடூத் கேள்விக்கு உதவும்.

4/4, 6/8-ல மேல இருக்கற நம்பர் புரியுது. கீழ இருக்கறது எதுக்கு?

மேலே இருப்பது ஒரு சுற்றில் எத்தனை அடி என்பது. கீழே இருப்பது, எந்த அளவுள்ள ஸ்வரத்தை ஓர் அடியாக எண்ணுகிறோம் என்பது: 4 என்றால் கால் நோட், 8 என்றால் அரைக்கால் நோட். தாளில் எழுதிய இசையைப் படிக்காதவர்களுக்குக் கீழ் எண் பெரும்பாலும் தேவைப்படாது. அதை 4-இலேயே விட்டுவிட்டு மேல் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. சில ஆப்களில் கீழ் எண்ணை 8 ஆக்கியதும் கிளிக் இரண்டு மடங்கு வேகமாக ஓடும், ஏனென்றால் அவை பிபிஎம்மை எப்போதும் கால் நோட்டுக்கே கணக்கிடுகின்றன. வேறு சில ஆப்களில் வேகம் மாறாது. கீழ் எண்ணை 8 ஆக்கி, வேகத்தை 60-இல் வைத்து, விநாடி முள் உள்ள கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். ஒரு விநாடிக்கு ஒரு கிளிக்கா, இரண்டா என்று பார்த்தால் உங்கள் ஆப் எந்த வகை என்பது உடனே தெரியும்.

முதல் அடி மட்டும் வேற சத்தமா கேக்குதே, அதை எடுத்துடலாமா?

எடுக்கலாம், மாற்றலாம், வேறு இடத்துக்கும் கொண்டுபோகலாம். பெரும்பாலான ஆப்களில் ஒரு சுற்றின் அடிகள் கட்டங்களாகவோ புள்ளிகளாகவோ வரிசையில் தெரியும். ஒரு கட்டத்தைத் தொடத் தொட அது பலத்த அடி, நடுத்தர அடி, சாதாரண அடி, மௌனம் என்று மாறிக்கொண்டே வரும். தாளம் அமைப்பதன் அடிப்படை இவ்வளவுதான். இனி வரும் பல பதில்களில் "பலம்", "நடுத்தரம்", "மௌனம்" என்று சொல்லும்போது இந்தக் கட்டங்களைத்தான் சொல்கிறேன்.

பாட்டின் சுற்று எத்தனை அடி என்று இன்னும் தெரியாதபோதும், ஒரே ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பழகும்போதும் முதல் அடியின் பலத்தை எடுத்துவிடுவது நல்லது. தவறான இடத்தில் விழும் பலத்த அடி காதை வேறு பக்கம் இழுத்துவிடும்.

3/4-ம் 6/8-ம் ஒண்ணுதானே? ரெண்டுலயும் ஆறு அரைக்கால் நோட்டு தான இருக்கு?

எண்ணிக்கை ஒன்றுதான், கூட்டம் வேறு. 3/4-இல் ஆறும் 2+2+2 என்று சேரும், 6/8-இல் 3+3 என்று சேரும். ஆப்பில் ஆறு கட்டம் வைத்து 1, 3, 5-இல் அழுத்தம் கொடுத்துக் கேளுங்கள். பிறகு 1, 4-க்கு மாற்றிக் கேளுங்கள். அதே ஆறு கிளிக்தான், ஆனால் உடம்பு அசையும் விதமே மாறிவிடும்.

6/8-இல் வேகம் எழுதும்போது பெரும்பாலும் மூன்று சேர்ந்த பெரிய அடியைத்தான் ஒன்றாக எண்ணுவார்கள். பெரிய அடி 60 என்றால் சின்ன அடி 180. ஆறு கட்டம் வைத்தால் 180 போடுங்கள். இரண்டு கட்டம் வைத்து ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்தால் 60 போடுங்கள்.

சப்டிவிஷன்னு ஒரு பொத்தான் இருக்கே, அதுவும் நம்ம நடையும் ஒண்ணா?

பயன்பாட்டில் ஒன்றுதான். ஓர் அடிக்குள் எத்தனை மாத்திரை (சமமான உட்பிரிவு) என்பதையே இரண்டும் சொல்கின்றன. திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. பல ஆப்களில் 2, 3, 4 மட்டும் படமாக இருக்கும். 5, 7 வேண்டுமானால் அமைப்புகளுக்குள் தேட வேண்டும், சிலவற்றில் கிடைக்காது.

கிடைக்காவிட்டால் ஒரு மாற்று வழி: மாத்திரையையே கட்டமாக்கிவிடுங்கள். 60-இல் கண்ட நடை வேண்டும் என்றால் ஐந்து கட்டம், முதல் கட்டம் பலம், வேகம் 60 × 5 = 300. இதில் தாளத்தின் முழுச் சுற்று தெரியாது, கையால்தான் போட வேண்டும். நடை கைவசப்படும் வரை இது போதும்.

ஆதி தாளத்துக்கு 4/4 வெச்சாலே போதாதா? ரெண்டு தடவை வந்தா எட்டு ஆயிடுமே?

வேகம் பழக மட்டும் என்றால் போதும். ஆனால் 4/4-இல் முதல் அட்சரமும் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) ஐந்தாம் அட்சரமும் ஒரே மாதிரி ஒலிக்கும். நடுவில் கவனம் சிதறினால் நீங்கள் தாளத்தின் முதல் பகுதியான லகுவில் இருக்கிறீர்களா, அடுத்து வரும் துருதத்தில் இருக்கிறீர்களா என்று ஆப்பைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. எட்டு கட்டம் வையுங்கள். 1 பலம், 5-உம் 7-உம் நடுத்தரம், மற்றவை சாதாரணம். கையில் தட்டு விழும் இடங்களும் இந்த மூன்றுதான்: லகு 4, துருதம் 2, துருதம் 2.

மற்ற தாளங்களுக்கும் இதே முறைதான், அங்கம் (லகு, துருதம் போன்ற பகுதி) தொடங்கும் இடத்தில் அழுத்தம். ஜாதி என்பது லகுவின் நீளம்: கண்ட ஜாதி அட தாளம் 5+5+2+2, ஆக 14 கட்டம், அழுத்தம் 1, 6, 11, 13-இல். மிஸ்ர ஜாதி ஜம்பை 7+1+2, ஆக 10 கட்டம், அழுத்தம் 1, 8, 9-இல். சூளாதி சப்த தாளங்கள் ஏழும் ஐந்து ஜாதிகளில் 35 ஆகின்றன. அந்த 35-ஐயும் இப்படி அமைத்துவிடலாம்.

மிஸ்ர சாபுவை 7-ன்னு வெச்சேன், ஆனா சாபு மாதிரியே கேக்கல. ஏன்?

ஏழு கட்டமும் ஒரே சீராக ஒலித்தால் அது வெறும் ஏழு எண்ணிக்கை. சாபு தாளத்தின் உயிர் அதன் சமமில்லாத பிரிவில் இருக்கிறது: மிஸ்ர சாபு 3+4, அந்த 4-ஐயும் 2+2 ஆக உணர்கிறோம். 1 பலம், 4-உம் 6-உம் நடுத்தரம் என்று வைத்து, மற்ற நான்கையும் மௌனமாக்கிப் பாருங்கள். "தகிட தக திமி" என்று அதுவே சொல்ல ஆரம்பிக்கும்.

கண்ட சாபு 2+3: ஐந்து கட்டம், அழுத்தம் 1, 3-இல். சங்கீர்ண சாபு 4+5: ஒன்பது கட்டம், அழுத்தம் 1, 5-இல். மேற்கத்திய 7/8 வாசிப்பவர்களுக்கும் இதுதான் பதில். உங்கள் பாட்டு 3+2+2-ஆ, 2+2+3-ஆ என்று முதலில் வாயால் சொல்லிப் பார்த்து முடிவு செய்யுங்கள், பிறகு கட்டங்களைத் தொடுங்கள்.

ரெண்டு களைன்னா எப்படி வைக்கறது?

ஒவ்வோர் அட்சரத்தையும் இருமுறை எண்ணுகிறோம், அதனால் ஆதிக்கு 16 கட்டம். 1 பலம், 9-உம் 13-உம் நடுத்தரம். ஆப் 16 கட்டம் தராவிட்டால் எட்டு கட்டத்தை வைத்துக்கொண்டு வேகத்தைப் பாதியாக்கி, சப்டிவிஷனை 2 ஆக்குங்கள்.

மூணு காலம் சாதகம் பண்ணும்போது ஒவ்வொரு காலத்துக்கும் பிபிஎம்மை டபுள் பண்ணணுமா?

கூடாது. இந்தத் தவறை நிறையப் பேரிடம் பார்க்கிறேன். காலம் மாறும்போது தாளத்தின் வேகம் மாறுவதில்லை, அதற்குள் வரும் ஸ்வரங்களின் எண்ணிக்கைதான் 1, 2, 4 என்று மாறுகிறது. பிபிஎம்மை இரட்டிப்பாக்கினால் நீங்கள் பழகுவது முதல் காலத்தையேதான், கொஞ்சம் அவசரமாக. 60-இல் வைத்துவிட்டு மூன்று காலத்தையும் அதே 60-க்குப் பாடுங்கள். மூன்றாம் காலம் வாயில் நுழையவில்லை என்றால் 50-க்கு இறங்குங்கள். அப்போது முதல் காலமும் 50-இல்தான் வர வேண்டும்.

ஆரம்பத்தில் சப்டிவிஷனை 4-இல் வைத்துக்கொண்டால் மூன்று காலத்துக்கும் அதுவே துணையாக ஒலிக்கும். ஒரு வாரம் போனதும் அதை அணைத்துவிடுங்கள். இடைவெளியை நான்காகப் பங்கிடும் வேலையை உங்கள் மனம் செய்ய வேண்டும். ஆப் செய்துகொண்டே இருந்தால் அந்தப் பழக்கம் வரவே வராது.

எடுப்பு சமத்துல இல்லாத பாட்டுக்கு, பலத்த அடியை எடுப்பு மேல வைக்கலாமா?

வேண்டாம். சமம் என்பது தாளச் சுற்றின் முதல் அடி, எடுப்பு என்பது பாட்டு தொடங்கும் இடம். பலத்த அடி சமத்திலேயே இருக்கட்டும். எடுப்பின் மேல் வைத்தால் எடுப்பே சமம் போலக் காதில் பதிந்துவிடும். பிறகு பக்கவாத்தியத்தோடு உட்காரும்போது தாளம் புரண்டுவிடும்.

சப்டிவிஷனைப் பயன்படுத்தி எடுப்பைக் கண்டுபிடிக்கலாம். அரை இடம் (சமத்திலிருந்து அரை அடி தள்ளி) என்றால் சப்டிவிஷன் 2, முதல் அடியின் இரண்டாம் பாதி. ஒன்றரை இடம் என்றாலும் 2-தான், இரண்டாம் அடியின் இரண்டாம் பாதி. முக்கால் இடத்துக்கு 4 வேண்டும், முதல் அடியின் நான்காம் மாத்திரை. உட்பிரிவுக்குள்ளும் தனித்தனியே ஒலி மாற்ற விடும் ஆப் என்றால் அந்த ஒரு மாத்திரைக்கு மட்டும் மெல்லிய வேறு ஒலி கொடுங்கள். நாலைந்து முறை பாடியதும் அதை எடுத்துவிடுங்கள்.

எனக்கு ரெடிமேட் பேட்டர்ன் எதுவும் செட் ஆகல. சொந்தமா ஒண்ணு வரையணும்.

பதினாறு கட்ட வரிசை தரும் ஆப் வேண்டும். சிலவற்றில் ஒவ்வோர் ஒலிக்கும் தனி வரிசை இருக்கும், இல்லாவிட்டால் 4/4-இல் சப்டிவிஷன் 4 வைத்து வேண்டாததை மௌனமாக்குங்கள். பழக இரண்டு பேட்டர்ன்கள்: எட்டு கட்டத்தில் 1, 4, 7 ஒலித்தால் 3+3+2. உலகின் பல பாப் பாடல்களுக்கு அடியில் ஓடுவது இதுதான். பதினாறு கட்டத்தில் 1, 4, 7, 11, 13 ஒலித்தால் கியூபா இசையின் சோன் கிளாவே, அதன் 3-2 வடிவம்.

பேட்டர்ன் வரைய ஆரம்பித்தால் கை சும்மா இருக்காது. ஹை-ஹேட், பாஸ் டிரம் என்று சேர்த்துக்கொண்டே போவோம். ஆனால் அடர்த்தியான பேட்டர்ன் நல்ல துணையாக இருக்குமே தவிர நல்ல ஆசிரியராக இருக்காது. எல்லா இடத்தையும் அதுவே நிரப்பிவிடுவதால் நீங்கள் எங்கே நழுவுகிறீர்கள் என்று வெளியே தெரியாது. பாடிப் பார்க்க அடர்த்தியாக வையுங்கள், பழக மெலிசாக வையுங்கள். வரைந்ததைப் பெயர் கொடுத்துச் சேமித்துவிடுங்கள்.

ஒரு பாட்டோட வேகத்தை எப்படிக் கண்டுபிடிக்கறது?

டேப் என்ற பொத்தானைப் பாட்டின் அடியோடு சேர்த்துத் தட்டுங்கள். தட்டுகளுக்கு இடைப்பட்ட நேரத்தைச் சராசரி எடுத்து ஆப் பிபிஎம் சொல்லும். இரண்டு தட்டில் நிறுத்தாமல் எட்டுத் தட்டாவது தட்டினால் எண் நிலைபெறும். 76-க்குப் பதில் 152 என்று வந்தால் நீங்கள் அடியைத் தட்டாமல் அரை அடியைத் தட்டியிருக்கிறீர்கள். பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்விங்னு ஒரு சதவீதம் இருக்கே, எவ்வளவு வைக்கணும்?

ஓர் அடியை இரண்டாகப் பிரிக்கும்போது முதல் பாதிக்கு எவ்வளவு நேரம் என்பது அது. 50 என்றால் இரண்டு பாதியும் ஒரே அளவு. ஏறக்குறைய 67 என்றால் முதலாவது இரண்டு பங்கு, இரண்டாவது ஒரு பங்கு. அதாவது திஸ்ரத்தில் நடு மாத்திரையை மௌனமாக்கியது போல. ஸ்விங் பொத்தான் இல்லாத ஆப்பில் அப்படியே செய்துகொள்ளலாம். ஜாஸில் வேகம் கூடக் கூட இந்த வித்தியாசம் குறைந்து சம அளவை நெருங்கும், அதனால் 200-க்கு மேல் 67-இல் வைத்தால் விறைப்பாகக் கேட்கும்.

வாசிக்க ஆரம்பிச்சா கிளிக்கே கேக்க மாட்டேங்குது.

சத்தத்தைக் கூட்டுவதற்கு முன் ஒலியை மாற்றிப் பாருங்கள். உங்கள் வாத்தியத்தின் ஒலிக்கு எதிரான ஒலி வேண்டும். தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) அதிரும் மிருதங்கத்துக்கும் டிரம்ஸுக்கும் உயர்ந்த சுருதியுள்ள, சட்டென்று தொடங்கி சட்டென்று முடியும் கட்டை ஒலி. வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் கொஞ்சம் தாழ்ந்த ஒலி. இழுத்து ஒலிக்கும் மணி ஓசை எதற்குமே சரிப்படாது, அடி எங்கே விழுந்தது என்று காது தேட வேண்டியிருக்கும்.

வேறொரு காரணமும் இருக்கலாம். நீங்கள் அடியின் மேல் அச்சாக வாசித்தால் உங்கள் ஒலி கிளிக்கை மூடிவிடும். அப்படிக் கிளிக் மறைந்தால் அது நல்ல செய்தி.

வேகத்தைத் தானா ஏத்தற வசதியில எவ்வளவு எவ்வளவா ஏத்தணும்?

இத்தனை பிபிஎம் என்று எல்லா வேகத்துக்கும் ஒரே எண் வைக்காதீர்கள். 40-லிருந்து 44 என்பது பத்தில் ஒரு பங்கு ஏற்றம், 160-லிருந்து 164 என்பது நாற்பதில் ஒரு பங்குதான். மேல்சேல் 1815-இல் காப்புரிமை பெற்ற ஊசல் மெட்ரோனோமின் வழிவந்த கருவிகளில் இதற்கு விடை இருக்கிறது. அவற்றின் பட்டையில் 40-லிருந்து 60 வரை இரண்டிரண்டாக, 72 வரை மூன்று மூன்றாக, 120 வரை நான்கு நான்காக, 144 வரை ஆறாறாக, 208 வரை எட்டெட்டாக எண்கள் ஏறும். ஒவ்வொரு படியும் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. அதையே பின்பற்றுங்கள்.

எட்டுச் சுற்றுக்கு ஒரு படி என்று வைப்பது என் விருப்பம். ஒரு படியில் தடுமாறினால் ஆப்பை நிறுத்தி, இரண்டு படி கீழே இறங்கி, அங்கே நிதானமாக முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

ஆப் ஓடும்போது சரியா வருது, நிறுத்தினா ஓடிடறேன். என்ன பண்றது?

மௌனச் சுற்று என்ற வசதியைத் தேடுங்கள். சில சுற்று ஒலிக்கும், சில சுற்று ஒலிக்காது. மூன்று ஒலி, ஒன்று மௌனம் என்று தொடங்குங்கள். பிறகு இரண்டுக்கு இரண்டு, பிறகு ஒன்றுக்கு மூன்று. கிளிக் திரும்பி வரும் அந்த ஒரு கணத்தில்தான் பாடம் இருக்கிறது: நீங்கள் சமத்துக்கு வந்த பிறகு கிளிக் வந்தால் ஓடியிருக்கிறீர்கள், முன்னாலேயே வந்தால் இழுத்திருக்கிறீர்கள்.

இந்த வசதி இல்லாத ஆப்பிலும் இதைச் செய்யலாம். ஆதி தாள எட்டுக் கட்டத்தில் முதலில் 1, 5, 7 மட்டும் ஒலிக்கட்டும், பிறகு 1, 5 மட்டும், பிறகு 1 மட்டும். 60-இல் அப்படி வைத்தால் எட்டு விநாடிக்கு ஒரே ஒரு கிளிக். வேகமான காலப்பிரமாணத்தைவிட இது பல மடங்கு கடினம், அதனாலேயே பல மடங்கு பயன் தரும். கிட்டார், டிரம்ஸ் வாசிப்பவர்கள் 4/4-இல் 1-ஐயும் 3-ஐயும் மௌனமாக்கி 2, 4 மட்டும் கேட்டு வாசித்துப் பார்க்கலாம். முதல் அடியை நீங்களே தாங்க வேண்டியிருக்கும்.

ப்ளூடூத் ஹெட்போன்ல லைட் ஒரு நேரத்துல மின்னுது, சத்தம் ஒரு நேரத்துல வருது. ஆப் தப்பா?

ஆப் சரிதான். ப்ளூடூத்தில் ஒலி காதுக்கு வர 100 முதல் 300 மில்லி விநாடி வரை தாமதமாவது சாதாரணம். முதல் பதிலின் கணக்குப்படி 120-இல் ஓர் அடி 500 மில்லி விநாடி. தாமதம் 200 என்றால் வெளிச்சமும் ஒலியும் கிட்டத்தட்ட அரை அடி விலகித் தெரியும்.

தாமதம் சீராக இருக்கும் வரை காதால் கேட்டுப் பழகுவதற்கு எந்தக் கெடுதலும் இல்லை, திரையைப் பார்க்காமல் இருந்தால் போதும். டேப் பொத்தானும் தட்டுகளின் இடைவெளியை மட்டுமே அளப்பதால் அதற்கும் பாதிப்பில்லை. கிளிக்கோடு சேர்த்து ஒலிப்பதிவு செய்யும்போதும், இரண்டு பேர் வேறு வேறு ஹெட்போனில் கேட்டு வாசிக்கும்போதும் மட்டும் வயர் உள்ளதைப் பயன்படுத்துங்கள்.

ஸ்க்ரீன் அணைஞ்சா கிளிக் நின்னுடுது, சில சமயம் தடுக்குது.

போனின் பேட்டரி சேமிப்பு, பின்னணியில் ஓடும் ஆப்பை அடக்குகிறது. அமைப்புகளில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள், ஆப்புக்குள் "திரையை அணைக்காதே" இருந்தால் அதையும் போடுங்கள். திரை எரிந்துகொண்டிருக்கும்போதே தடுக்கினால் ஆப்பை மாற்றுங்கள். நன்றாக எழுதப்பட்ட ஆப் நேரத்தை ஒலி மாதிரிகளை எண்ணி அளக்கும். விநாடிக்கு 44,100 மாதிரி என்றால் 120-இல் ஓர் அடிக்குச் சரியாக 22,050. போனின் பொதுக் கடிகாரத்தை நம்பி ஓடும் ஆப்தான் மற்ற வேலைகள் குறுக்கிடும்போது தள்ளாடும்.

மூணுக்கு ரெண்டு ஒரே நேரத்துல கேக்க முடியுமா?

பாலிரிதம் என்ற வசதி இருந்தால் 3, 2 என்று எண் கொடுத்தால் போதும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் பொதுவான எண்ணான ஆறு கட்டம் வையுங்கள். 1, 3, 5 ஓர் ஒலி, 1, 4 இன்னோர் ஒலி. இரண்டும் சேரும் முதல் கட்டம் பலம். நான்குக்கு மூன்று என்றால் 12 கட்டம்: நான்கு அடிக்கு 1, 4, 7, 10, மூன்று அடிக்கு 1, 5, 9.

இரண்டையும் ஆப்பிலேயே ஒலிக்கவிட்டுக் கேட்பது அறிமுகத்துக்கு மட்டும். பிறகு ஒன்றை மௌனமாக்கி அதைக் கையால் போடுங்கள், பிறகு மாற்றிப் போடுங்கள்.

பாட்டு நடுவுல சதுஸ்ரத்துலேருந்து திஸ்ரத்துக்கு மாறுது. ஆப்ல 80 வெச்சிருந்தேன், மாறின பிறகு எவ்வளவு வைக்கணும்?

முதலில் எது மாறாமல் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தாளத்தின் அடி அதே இடத்தில் விழுந்து, உள்ளே மட்டும் நான்குக்குப் பதில் மூன்று வந்தால் 80 அப்படியே இருக்கும். சப்டிவிஷனை மட்டும் 4-லிருந்து 3 ஆக்கினால் போதும். கச்சேரியில் தனியாவர்த்தனத்தில் (தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் பகுதி) கேட்கும் நடை மாற்றம் பெரும்பாலும் இந்த வகை. ஓர் ஆவர்த்தனத்துக்கு (முழுச் சுற்றுக்கு) 32 மாத்திரை இருந்த ஆதி 24 மாத்திரை ஆகும், கை மாறாது.

மாத்திரையின் வேகம் மாறாமல், நான்கு நான்காகச் சேர்ந்தது மூன்று மூன்றாகச் சேர்ந்தால் அடி முன்னதாகவே வந்துவிடும். அப்போது புதிய வேகம் 80 × 4 ÷ 3, அதாவது 106.67. பல ஆப்கள் தசமத்தை ஏற்காது. 107 என்று வைத்தால் தனியாகப் பழகும்போது வித்தியாசம் தெரியாது, நீண்ட பகுதியில் இன்னொருவரோடு சேர்ந்து ஓடும்போது மெல்ல விலகும். முதல் வேகத்தை மூன்றால் வகுபடும் எண்ணாகத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை: 60-லிருந்து 80, 75-லிருந்து 100, 81-லிருந்து 108, 90-லிருந்து 120. இரண்டு பகுதியையும் தனித்தனியே சேமித்து, வரிசையாக ஓடும்படி அடுக்கிக்கொண்டால் மாற்றம் வரும் இடத்தில் கையை எடுத்துத் திரையைத் தொட வேண்டியிருக்காது.